டைனமோ போய் ஆல்டர்னேட்டர்... மலை ஏறும் முன் இதையெல்லாம் செக் பண்ணுங்க!

ஆடிக் கிருத்திகை நெரிசலில் திருத்தணி மலைப்பாதையில் வாகனங்கள் ஊர்ந்துதான் ஏறும். பழைய அம்பாசடர்களுக்கு அதுதான் சோதனை. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது டைனமோ போதிய சார்ஜ் தராது. ஹெட்லைட், ஹார்ன் எல்லாம் பேட்டரியையே உறிஞ்சும். இரவில் வளைவில் லைட் மங்கினால் ஆபத்து.

1957-ல் அறிமுகமாகி 2014-ல் உற்பத்தி நின்ற கார் இது. டைனமோ உள்ள பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் மாட்டினால், ஐடிலிங்கிலும் சார்ஜ் ஏறும். ஆனால், ஒயரிங்கில் கவனம் வேண்டும்.

* முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். அக்கால வண்டி பாசிட்டிவ் எர்த்தா என்று பாருங்கள். அப்படியே மாட்டினால் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் கருகிவிடும். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிய பிறகே வேலை.

* பழைய கட்-அவுட் பெட்டிக்கு இனி வேலையில்லை. இப்போதைய ஆல்டர்னேட்டர்களில் ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும்.

* பேட்டரிக்குப் போகும் மெயின் ஒயர் தடிமனாக இருக்கட்டும். டைனமோவின் பழைய ஒயர் கூடுதல் கரன்ட்டைத் தாங்காமல் சூடேறி, தீப்பிடிக்கலாம்.

* டேஷ்போர்டு சார்ஜ் லைட்டைத் துண்டிக்காதீர்கள். பல மாடல்களில் அந்த பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டர் 'விழிக்கும்'.

வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி 'டெஸ்ட்' செய்வது தப்பு, ரெகுலேட்டர் போய்விடும். மல்ட்டிமீட்டரில் 13.8 முதல் 14.4 வோல்ட் காட்டினால், தைரியமாக மலை ஏறலாம்!