காற்று மெத்தையில் கடந்த கால்வாய்

1995 செப்டம்பர் 14 அன்று 'பிரின்சஸ் ஆன்' என்ற ஹோவர்கிராஃப்ட் ஆங்கிலக் கால்வாயை 22 நிமிடத்தில் கடந்தது. கார்களை ஏற்றிச் செல்லும் கப்பலுக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் தூரம் அது. அந்தச் சாதனை நிகழ்ந்தபோது, அதே கடலுக்கு அடியில் சுரங்கப்பாதை திறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அடுத்த ஐந்தே ஆண்டுகளில், அதை இயக்கிய ஹோவர்ஸ்பீடு நிறுவனம் தன் ஹோவர்கிராஃப்ட்களை நிரந்தரமாகக் கரையேற்றிவிட்டது.

இந்த ஊர்தியின் தொடக்கம் இரண்டு டப்பாக்கள். 1950-களின் நடுவில் பொறியாளர் கிறிஸ்டோபர் காக்கரெல், பூனைத் தீவன டப்பா ஒன்றைக் காபி டப்பாவுக்குள் பொருத்தி, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கின் வழியே காற்றை ஊதினார். கீழே சமையலறைத் தராசு. ஒற்றை டப்பா வழியே ஊதியதைவிட இதில் தராசு நன்றாகவே அழுந்தியது. விளிம்பைச் சுற்றி வீசிய காற்று வேலியாக நின்று, நடுவிலிருந்த காற்றை வெளியேறவிடாமல் அடைத்துக்கொண்டதுதான் காரணம். 1959 ஜூலை 25-இல் எஸ்.ஆர்.என்-1 என்ற சோதனை ஊர்தி பிரான்சின் கலேயிலிருந்து இங்கிலாந்தின் டோவருக்கு மிதந்து வந்தது; பாரத்தைச் சமன்செய்ய காக்கரெலே அதன் மேல் நின்று வந்தார்.

அலைகளைத் தாண்டும் உயரம் கிடைத்தது, அடிவிளிம்பில் ரப்பர் பாவாடை கட்டிய பிறகுதான். பாவாடைக்குள் அடைபட்ட காற்றுக்குப் பெரிய அழுத்தம் தேவையில்லை. பின்னாளில் வந்த சுமார் 300 டன் ஊர்தியின் எடையை அதன் அகன்ற அடிப்பரப்பில் பகிர்ந்து பாருங்கள்: சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 30 கிராம்தான் வரும். நாம் நிற்கும்போது நம் பாதம் தரையை இதைவிடப் பலமடங்கு அழுத்துகிறது! எனக்கு இந்தக் கணக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வேயின் 'சீஸ்பீடு', டோவரிலிருந்து பூலோனுக்கு 254 பயணிகளையும் 30 கார்களையும் சுமக்கும் எஸ்.ஆர்.என்-4 ஊர்தியை விட்டது. மறு ஆண்டே ராம்ஸ்கேட் பக்கமிருந்து சுவீடன் முதலீட்டில் 'ஹோவர்லாயிட்' போட்டிக்கு வந்தது. ஊழியர்கள் பயணத்தை 'விமானப் பயணம்' என்றே அழைத்தார்கள். பின்னர் இரண்டு ஊர்திகளை வெட்டி நடுவில் நீட்டி, 418 பேரும் 60 கார்களும் போகும்படி செய்தார்கள். ஆனால் இரு நிறுவனங்களுக்கும் வருமானம் போதவில்லை. 1981-இல் ஒன்றாகி ஹோவர்ஸ்பீடு ஆயின.

செலவுதான் அரித்தது. ஒவ்வோர் ஊர்தியிலும் நான்கு ரோல்ஸ்ராய்ஸ் விமான டர்பைன்கள். ஊர்தியைத் தூக்குவதும் தள்ளுவதும் அவைதாம். மண்ணெண்ணெய் மலிவாக இருந்த காலத்துக் கணக்கு, எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடியில் குலைந்தது. பாவாடையின் நுனி அலையில் அடிபட்டுக் கிழிந்துகொண்டே இருந்தது. உப்புத் துளிகள் டர்பைனுக்குள் புகுந்தன. மொத்தமே ஆறு எஸ்.ஆர்.என்-4-கள்தாம் கட்டப்பட்டன, உதிரிபாகத்துக்கு ஓய்வுபெற்ற ஊர்திகளையே பிரிக்க வேண்டியிருந்தது. 1985-இல் 'பிரின்சஸ் மார்கரெட்' டோவர் அலைதடுப்புச் சுவரில் மோதி நால்வர் இறந்தனர். 1994-இல் சுரங்கம் வந்தது. 1999-இல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே பயணிகளுக்கான வரியில்லா விற்பனை நின்று, பயணச்சீட்டுக்கு வெளியே வந்துகொண்டிருந்த வருமானமும் போயிற்று. 2000 அக்டோபர் 1 கடைசிப் பயணம்.

இடம்தான் தவறு என்பேன். சேறு, மணல்திட்டு, ஆழமற்ற நீர் எல்லாவற்றின்மேலும் போகக்கூடிய ஊர்தியை, ஆழமான துறைமுகங்களுக்கு நடுவே கப்பலோடும் ரயிலோடும் போட்டியிட விட்டார்கள். வேகத்தைத் தவிர அங்கே அதற்கென்று தனி வேலை இல்லை. அதற்கேற்ற இடத்துக்கு, இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த வைட் தீவின் ரைட் ஊரைப் பாருங்கள். கடல் வற்றும்போது அங்கே கரையோரம் வெறும் மணல்தான்; படகு அணைய அரை மைலை நெருங்கும் நீளத்துக்குப் பாலம் கட்ட வேண்டியிருந்தது. இந்தியக் கடலோரக் காவல்படை பாக் நீரிணையின் ஆழமற்ற கடலுக்காக மண்டபத்தில் ஹோவர்கிராஃப்ட்களை வைத்திருப்பதும் இப்படிப்பட்ட தேவைக்குத்தான்.

'பிரின்சஸ் ஆன்' இப்போது லீ-ஆன்-தி-சோலன்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்த ஊரை ஒட்டிய சோலன்ட் நீரிணையிலேயே, 1965 முதல் ஹோவர்டிராவல் நிறுவனத்தின் சிறிய ஊர்திகள் சவுத்சீயிலிருந்து ரைட்டுக்குப் பத்தே நிமிடத்தில் போய்வருகின்றன. டர்பைனை விட்டு டீசலுக்கு மாறி, நீண்ட பாலத்தின் உதவியில்லாமல், நேராகக் கரையிலேயே ஏறி நிற்கின்றன.