வரவேண்டிய பொருள் வாராவிடின்?

நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. வாய்க்காலில் நீர் வந்துவிட்டது. நடவுக்கு ஆட்களும் சொல்லியாகிவிட்டது. ஆனால் அடியுரம் மட்டும் சங்கத்துக்கு வந்து சேரவில்லை. "இன்று வரும், நாளை வரும்" என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டே நடவு நாள் தள்ளிப்போகிறது. இத்தகைய இக்கட்டை விவசாயப் பெருமக்களுள் அறியாதார் சிலரே. இதனைத் தலைவிதி என விட்டுவிடாமல், முன்னதாகவே எவ்வாறு எதிர்கொள்ளலாம் என்பதை இங்கு ஆராய்வோம்.

ஓர் உர மூட்டை வயலை அடைவதற்கு முன் கடக்கும் வழி மிக நெடியது. பொட்டாஷ் உரத்தை ஏறத்தாழ முழுவதும் நம் நாடு அயல்நாடுகளிலிருந்தே தருவித்துக்கொள்கிறது. டி.ஏ.பி. உரத்திலும் பெரும்பகுதி கடல் கடந்து வருவதாகும். இங்குத் தயாராகும் உரத்திற்கும் மொராக்கோ, ஜோர்டான் முதலிய நாடுகளின் மூலப்பொருள் வேண்டும். கப்பல், துறைமுகம், சரக்கு ரயில், கிடங்கு, லாரி, கூட்டுறவுச் சங்கம் என்று நீளும் இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கடைசியில் நிற்கும் உழவர்தாம் அதை உணர்வர். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ஒரு பெருங்கப்பல் குறுக்கே சிக்கி ஆறு நாட்கள் வழியை அடைத்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்ட பின் உர விலை உலகெங்கும் ஏறிற்று.

இடையூறு தொலைவிலிருந்துதான் வரும் என்பதில்லை. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயலில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. 2020 மார்ச் 25 முதல் நிலவிய பொது முடக்கத்தில் விளைந்த காய்கனிகளைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல இயலாமல் உழவர் தவித்தனர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் பல கிராமங்கள் சாலைத் தொடர்பற்றுத் தனித்தீவுகளாயின.

இவற்றுள் எதுவும் நாள் குறித்துக்கொண்டு வரவில்லை. அடுத்து வருவதும் அவ்வாறே. ஆதலின் "என்ன நேரும்?" என்று எண்ணி மயங்குவதினும், "எப்பொருள் எத்தனை நாள் தாமதித்தால் மீளா நஷ்டம் உண்டாகும்?" என்று கேட்பதே விவேகமாகும்.

நெற்பயிரையே எடுத்துக்கொள்வோம். யூரியாவைப் பல தவணைகளாகப் பிரித்து இடுகிறோம்; மேலுரம் சில நாள் பிந்தினும் ஓரளவு சமாளிக்கலாம். மணிச்சத்தோ அத்தகையதன்று. அது மண்ணில் அதிகம் நகராது. இளம்பயிர் வேர் பிடிக்கவும் தூர் கட்டவும் தொடக்கத்திலேயே வேண்டப்படுவது. ஆகவே கடைசி உழவில் இடவேண்டிய மணிச்சத்தே காத்திராத பொருள். முன்னேற்பாடு முதலில் அதற்கே வேண்டும்.

நம் வட்டாரத்தில் ஒரு சம்பாப் பருவத்தில் டி.ஏ.பி. பத்து நாட்களுக்கு மேல் தாமதித்தது. சிலர் நாற்று முற்றுமளவும் காத்திருந்தனர். குத்தகை நிலம் பயிரிடும் ஒருவர் வட்டிக்குக் கடன் வாங்கி, வெளியில் கூடுதல் விலைக்கு வாங்கினார். அறுவடையில் அவருக்குக் கிட்டவேண்டிய ஆதாயம் நடவன்றே போயிற்று. அதே நாளில் அண்டைக் கிராமத்தார் சூப்பர் பாஸ்பேட்டை இட்டுக் காலத்தில் நட்டு முடித்தனர். இரு சாராருக்கும் இடையே இருந்த வேற்றுமை பணமன்று. ஒரு சிறு கணக்கேயாகும்.

அக்கணக்கு இது. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் உள்ளன. சூப்பர் பாஸ்பேட்டில் நூற்றுக்கு 16 பங்கு மணிச்சத்து. எனவே 50 கிலோ எடையுள்ள மூன்று மூட்டை சூப்பர் பாஸ்பேட்டும் 20 கிலோ யூரியாவும் ஒரு மூட்டை டி.ஏ.பி.க்கு ஈடாகும். இதனைச் சங்கத்தின் வாயிலில் எழுதி வைத்தல் நலம்.

இனி, ஊர்தோறும் செய்யத்தக்கவற்றைக் கூறுவோம்.

முதலாவது, பருவத்திற்கு இரு மாதம் முன்பே ஊரின் சாகுபடிப் பரப்பையும் தேவையையும் கணக்கிட்டுச் சங்கத்திடமும் வேளாண்மை அலுவலரிடமும் தெரிவித்தல் வேண்டும்.

இரண்டாவது, காத்திராத பொருளுக்கு மாற்று வழி ஒன்றை அமைத்தல் வேண்டும். ஒரே கிடங்கிலிருந்து சரக்கெடுக்கும் இரு கடைகள் இரண்டு வழியாகா. கிடங்கு மூடினால் இரண்டும் மூடும். மாற்று வழி உண்மையிலேயே வேறு வழியாக இருத்தல் அவசியம்.

மூன்றாவது, ஊரிலேயே கிடைப்பதைப் பெருக்குதல். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாட்களில் மடக்கி உழுதால் தழைச்சத்தின் தேவை குறையும். மணிச்சத்துக்கு அது முழு மாற்றாகாது என்பதையும் நினைவிற் கொள்க. வீரிய ஒட்டு ரகம் நீங்கலாக, நெல் விதையை நாமே நன்கு உலர்த்திச் சேமிக்கலாம். நூறு விதைகளை ஈரத்துணியில் முடிந்து வைத்து, எண்பதுக்குக் குறையாமல் முளைத்தால் அவ்விதை நம்பத்தக்கது. வெள்ளத்தில் நாற்று அழுகினால் மறுபடி விதைப்பதற்கெனக் குறுகிய கால ரக விதையிலும் சிறிது இருப்பு வேண்டும்.

ஊராட்சி மன்றத்தினர் இதே கேள்வியைக் குடிநீருக்கும் கேட்டல் வேண்டும். கஜா புயலின்போது நிலத்தடியில் நீர் இருந்தும், மின்சாரமின்றி மேல்நிலைத் தொட்டிகள் வறண்டன. ஜெனரேட்டர் வந்த ஊருக்கே தண்ணீர் ஏறிற்று. புயலுக்குப் பின் வாடகை ஜெனரேட்டர் தேடுவது கடினம். மழைக்காலத்திற்கு முன்பே ஒருவரிடம் பேசி வாடகையை எழுத்தில் முடிவு செய்து, அதனை மோட்டாருடன் இணைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தல் நலம்.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். முன்னேற்பாடு வேறு, பதுக்கல் வேறு. தட்டுப்பாடு என்னும் வதந்தி கேட்டு ஒவ்வொருவரும் தேவைக்கு இரட்டிப்பாக வாங்கினால், இல்லாத தட்டுப்பாடும் மறுநாளே உண்டாகும். முதலில் வெறுங்கையுடன் திரும்புபவர் சிறு விவசாயியே. இருப்பு என்பது ஊர்ப்பொதுவாகச் சங்கத்தில், ஈரம் படாமல் மரப்பலகை மேல் அடுக்கி, கணக்கெழுதி வைப்பதாக இருக்கட்டும்.

கப்பலை நாம் செலுத்த இயலாது. புயலைத் தடுக்கவும் இயலாது. ஆயினும் அடுத்த ஊராட்சிக் கூட்டத்தில் ஒரு தாளை எடுத்து, நம் ஊரில் காத்திராத பொருள்கள் எவை, அவை வாராவிடின் யாரிடம் செல்வது, அதற்குப் பொறுப்பு யார் என்ற மூன்றையும் எழுதிவிட இயலும். அத்தாள் இருக்கும் ஊரில் நாற்று காலத்தில் வயலேறும்.