மண்ணைச் சமைக்கும் பெரணி

கால் ஊன்றத் தரையே இல்லாத வியாழக் கிரகத்தின் மேகமண்டலத்தில், பலூன்களைப் போல மிதந்து திரியும் ஜீவராசிகள் இருக்கக்கூடுமா என்று 1976-ஆம் ஆண்டில் கார்ல் சேகனும் எட்வின் சால்பீட்டரும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். கேட்பவர்க்கு மிதப்பதே விந்தையாகத் தோன்றும். தாவர வாழ்வை அறிந்தவர்க்கோ, மண்ணில்லாத இடத்தில் உப்புக்கும் தண்ணீருக்கும் என்ன வழி என்பதே முதற் கேள்வியாகும்.

அதற்கு விடை காண ஜொகூர் மாநிலத்து லாபிஸ் பட்டணத்தைச் சுற்றி, பால்மரங்களுக்குப் பின் வந்த செம்பனைகளை அண்ணாந்து பார்த்தால் போதும். மட்டை வெட்டிய அடிக்கட்டைகள் மரத்தைச் சுற்றிப் படிப்படியாக நிற்க, அவற்றின் இடுக்கில் வாழையிலையை ஒத்த நீண்ட இலைகளை வட்டமாக விரித்துக்கொண்டு பறவைக்கூட்டுப் பெரணி அமர்ந்திருக்கும். இதனைப் புல்லுருவி என்பது வீண் அபவாதம். புல்லுருவி தான் ஏறிய மரத்தின் சாரத்தையே உறிஞ்சுவது, இதுவோ இருக்க இடம் மட்டுமே கேட்பது.

ஆகாரத்திற்கு அது செய்துகொண்ட ஏற்பாடுதான் அபூர்வமானது. மேலிருந்து உதிரும் சருகு, பூ, பூச்சியின் எச்சம் யாவும் அந்த இலைக்கூடையில் வந்து விழ, அங்கேயே அவை மக்கி உரமாக, அதனடியில் பழுப்பு நிறப் பஞ்சைப் போல அடர்ந்த வேர்த்திரள் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ள, மண்ணைத் துறந்து மேலேறிய செடி தனக்கு வேண்டிய மண்ணைத் தானே சமைத்துக்கொள்கிறது. எறும்பும் கறையானும் பூரானும் அதில் குடியேறும். சபா மாநிலத்து டானும் பள்ளத்தாக்கில் ஈரத்தோடு 200 கிலோகிராம்வரை கனத்த பெரணிகளும் உண்டு.

மலாய்க்காரர் இதனை 'பாக்கு லாங்சுயிர்' என்பர்; பிரசவத்தில் இறந்த பெண்ணின் ஆவியாகிய லாங்சுயிர் இதில் வாசம் செய்வதாக ஐதிகம். இருட்டிய பின் தோட்டத்து வழியே தனியே நடந்தவர்க்கு அந்தப் பெயரின் நியாயம் விளங்கும்.

மெய்யாகவே ஆகாயத்தில் மிதப்பது இதன் சந்ததிதான். இலையின் அடிப்புறத்தில், நடுநரம்பிலிருந்து சாய்வாக ஓடும் பழுப்புக் கோடுகளில் விளைந்த வித்துத் துகள்கள், தூசியினும் நுண்ணியவையாய்க் காற்றில் பரவுகின்றன. பெரும்பாலானவை எங்கோ விழுந்து வீணாக, ஏதோ ஒன்று மழைநீர் கசியும் மட்டையடி இடுக்கில் தங்கி, முதலில் சிறியதொரு பச்சைத் தகடாக முளைக்கும். அதிலிருந்து பின்னர் எழும் இளம் பெரணி, தன் முதற் சருகுக்காக இலைகளை விரித்து வைத்திருக்கும்.