படச்சுருளா, டிஜிட்டலா?

சினிமாப் படத்தைச் சுருளிற் பிடிப்பது மேலா, டிஜிட்டல் கமெராவிற் பிடிப்பது மேலா என்று மாணவர் பலர் நம்மிடம் வினவுவதுண்டு. மேல்நாடுகளில் இவ்விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. மடவளையில் வாழும் நாம் இதற்கு விடை தேடி ஹொலிவூட் வரை போகவேண்டியதில்லை. விக்டோரியா அணைப்பக்கம் சென்றாற் போதும்.

1983ஆம் ஆண்டில், அணை வேலை நடந்துகொண்டிருந்த காலத்திலே, ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் தமது இரண்டாவது 'இந்தியானா ஜோன்ஸ்' படத்துக்காக அங்கே ஒரு தொங்குபாலம் கட்டுவித்தார். கதைப்படி பாலம் அறுந்து விழவேண்டும். அறுப்பது ஒரு தரந்தான். தவறினால் மறுமுறை இல்லை. ஆகவே பல கமெராக்களை ஒருங்கே ஓடவிட்டனர். படச்சுருளின் கண்டிப்பு அத்தகையது. நொடிக்கு 24 படங்கள் வீதம் 1000 அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிடித்தது சரியா, பிழையா என்பது ஆய்வுகூடத்திற் கழுவியெடுத்த பின்னரே தெரியும்.

டிஜிட்டல் கமெராவில் இந்தத் தவிப்பு இல்லை. எடுத்த கணமே பார்க்கலாம்; வேண்டாதனவற்றை அழிக்கலாம். கமல்ஹாசன் 2005இல் 'மும்பை எக்ஸ்பிரஸ்' படத்தை இவ்வாறே எடுத்தார். தோட்டத்து இளைஞன் ஒருவன் கைத்தொலைபேசியாலேயே குறும்படம் எடுக்கிறானென்றால் அது டிஜிட்டல் தந்த வரம். சுருளுக்கே தனியழகு உண்டென்பார் கட்சியும் வலியதே. கிறிஸ்டோபர் நோலன் 2023இல் வெளிவந்த 'ஒப்பன்ஹைமர்' படத்தைச் சுருளிலேயே எடுத்தார். ஆயினும் அந்த வேற்றுமையை நம்மிற் பலர் கண்டுகொள்வோமா என்பது ஐயமே.

நம்மை உறுத்துவது வேறொன்று. எடுத்த படம் எத்தனை காலம் இருக்கும்?

ஸ்பீல்பேர்க்கின் சுருள்கள் கடல் கடந்து போயின. அதே 1983இல், ஜூலைக் கலவரத்தில், கே. குணரத்தினம் அவர்களின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. அங்கிருந்த சுருள்களும் சாம்பராயின. 'சமுதாயம்', 'தோட்டக்காரி' என்று 1960களில் தொடங்கிய ஈழத்துத் தமிழ்ப் படங்களுட் பலவற்றை இன்று பார்க்க விரும்புவோர்க்குப் பெயர்ப்பட்டியலே எஞ்சியிருக்கிறது. நெருப்புக்குத் தப்பினாலும், மலைநாட்டு ஈரக்காற்றில் சுருள் புளித்து, வினாகிரி மணம் வீசிச் சிதைந்துவிடும்.

அப்படியானால் டிஜிட்டல் பாதுகாப்பானதோ? அதுவும் இல்லை. வட்டுகள் சில ஆண்டுகளிற் பழுதாகின்றன. கோப்பு வடிவங்களோ மாறிக்கொண்டே போகின்றன. டிஜிட்டல் மூலப்பிரதியைப் பேணுவதற்குச் சுருளைப் பேணுவதைப் போல ஏறக்குறைய 12 மடங்கு செலவாகும் என்று அமெரிக்க ஒஸ்கார் அக்கடமி 2007இற் கணக்கிட்டது. குளிரான, உலர்ந்த அறையில் வைத்த சுருள் நூறாண்டும் கிடக்கும். சுமித்ரா பீரிஸ் 1978இல் வெளியிட்ட 'கெஹெனு லமாய்' புதுப்பிக்கப்பட்டு 2025இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. காப்பாற்றியது சுருள், புதுப்பொலிவு தந்தது டிஜிட்டல்.

ஆதலால் எடுப்பதற்கு டிஜிட்டலே போதும் என்போம். சுருளில் மீளப் பதித்து வைக்கும் வசதி நம் இளைஞருக்கு ஏது? அவர்கள் ஒரு பிரதியைத் தம் வீட்டிலும், மற்றொன்றை வேற்றூர் உறவினர் வீட்டிலும் வைத்து, ஐந்தாண்டுக்கொருமுறை புதிய வட்டுக்கு மாற்றிக்கொள்வார்களாக. ஹெந்தளையில் எரிந்த படங்களுக்கு அந்த இரண்டாம் வீடு வாய்க்கவில்லை.