கரும்புத் தீவுகளில் ஒரு கப்பல் உலா

மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது கப்பலூர். ஊர்ப்பெயரில் கப்பல் உண்டு. கண்ணுக்கெட்டிய தொலைவில் கடல் இல்லை. நூற்பாலையும் தொழிற்பேட்டையும் சரக்கு வண்டிகளின் நெடிய வரிசையுமே இன்று அவ்வூரின் அடையாளங்கள். கடல் காணாத இச்சமவெளியில் வாழும் மாணவர்க்குக் கப்பற் பயணம் என்பது தமக்குத் தொடர்பில்லாத செய்தியாகத் தோன்றக்கூடும். ஆயின், முதியவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. 1926இல் ஓடத் தொடங்கிய அக்கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு தமிழரைச் சுமந்தது. அதன்பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985ஆம் ஆண்டுத் தீவிபத்தோடு நின்றது. பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு ஹாஜிகளை ஏற்றிச் சென்ற கப்பற்போக்குவரத்தும் 1995இல் முடிவுற்றது. பிழைப்புக்காகவும் புனிதக் கடமைக்காகவும் கப்பலேறிய காலம் அத்துடன் மறைந்து, இன்பச் சுற்றுலாவுக்காகக் கப்பலேறும் காலம் பிறந்துள்ளது.

அத்தகைய இன்பக் கப்பல் உலாவுக்கு உலகிலேயே பெயர்பெற்ற கடல் கரீபியன் கடல். அவ்வுலாவின் இயல்பையும், அது தொட்டுச்செல்லும் துறைமுகங்களில் தமிழர் விட்டுவந்த சுவடுகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மிதக்கும் நகரம்

அமெரிக்காவின் மயாமி, போர்ட்டோ ரிக்கோவின் சான் யுவான் முதலிய துறைமுகங்களிலிருந்து கரீபியன் உலாக் கப்பல்கள் புறப்படுகின்றன. ஒரு பயணம் பெரும்பாலும் ஏழு இரவுகள் நீடிக்கும். கப்பல் இரவில் ஓடும். விடியலில் ஒரு தீவை அடையும். பயணிகள் காலையில் இறங்கி ஊரைச் சுற்றிப் பார்த்து, குறித்த நேரத்துக்குள் மாலையில் திரும்பிவிட வேண்டும். நேரம் தவறியவர்களுக்காகக் கப்பல் காத்திராது. பெருங்கப்பல் அணைய இயலாத சிறு துறைகளில் நடுக்கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகுகளால் பயணிகளைக் கரைசேர்ப்பர். உறைவிடமும் உணவும் கட்டணத்திலேயே அடங்கும். கரையில் செய்யும் செலவு பயணியுடையது.

இக்கப்பல்களின் பருமன் வியப்பூட்டுவது. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதற்பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' ஏறத்தாழ 365 மீட்டர் நீளமுடையது. அதில் 7,000க்கும் மேற்பட்ட பயணிகள் செல்லலாம். நம் நாட்டில் ஒரு பேரூராட்சியின் மக்கள் முழுவதையும் ஏற்றிக்கொண்டு ஒரு கட்டடம் கடலில் மிதப்பதாக எண்ணிப் பார்த்தால் அதன் அளவு விளங்கும். 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து உலாவைத் தொடங்கிய 'எம்ப்ரஸ்' கப்பலும் கரீபியன் பக்கம் ஓடிப் பழகியதே. 1990இல் 'நோர்டிக் எம்ப்ரஸ்' என்னும் பெயரோடு பஹாமாத் தீவுகளுக்குப் பயணிகளைக் கொண்டு சென்ற கப்பல் அது.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கு இனிய பருவம். ஜூன் முதல் நவம்பர் வரை புயற்காலம். மயாமியில் ஏறுவோர்க்கு அமெரிக்க விசா இன்றியமையாதது. ஒவ்வொரு தீவும் தனி நாடாகவோ வேறொரு நாட்டின் பகுதியாகவோ இருப்பதால், அவ்வத்தீவின் விதிகளை முன்னரே கேட்டறிதல் நன்று. ஹலால் உணவு வேண்டுவோர் பயணப் பதிவின்போதே தெரிவித்துவிட வேண்டும்.

கரும்பும் கண்ணீரும்

1492இல் இந்தியாவைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ், தாம் கண்ட தீவுகளை இந்தியாவின் பகுதியென்றே கருதினார். 'மேற்கிந்தியத் தீவுகள்' என்னும் பெயர் அப்பிழையிலிருந்து பிறந்தது. அப்பிழை ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப்பின் வேறொரு வகையில் மெய்யாயிற்று. உண்மையான இந்தியரே அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

ஐரோப்பியர் அத்தீவுகளைக் கரும்புத் தோட்டங்களாக்கி, ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக்கி வேலை வாங்கினர். ஆங்கிலேயத் தீவுகளில் 1834இல் சட்டத்தாலும் 1838இல் முழுமையாகவும் அடிமைமுறை ஒழிந்தது. பிரெஞ்சுத் தீவுகளில் 1848இல் ஒழிந்தது. விடுதலை பெற்றவர்கள் தோட்டங்களை வெறுத்து விலகவே, முதலாளிகளின் பார்வை இந்தியாவின் மீது விழுந்தது. பஞ்சத்தாலும் கடனாலும் நொந்த உழவர்களிடம் ஒப்பந்தத் தாளில் கைநாட்டு வாங்கிக் கப்பலேற்றினர். 1917இல்தான் ஆங்கில அரசு இவ்வாள்சேர்ப்பை நிறுத்தியது.

கல்கத்தாவிலிருந்து சென்றவர்கள் பெரிதும் வட இந்தியர். சென்னை, புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து சென்றவர்களுள் தமிழரே மிகுதி. அந்நாளைய பாய்மரக் கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு மூன்று மாதங்களுக்கு மேல் கடலில் அலைந்தது. இன்று பயணிகள் விருந்துண்டு மகிழும் அதே கடலில், அன்று நோயால் இறந்தோரின் உடல்கள் நீரில் விடப்பட்டன. இவ்விரு காட்சிகளையும் ஒருங்கே நினைவிற்கொண்டு துறைமுகங்களைக் காண்போம்.

மார்த்தினிக்: குழம்பும் கட்டம்போட்ட துணியும்

1853 மே மாதம் 'ஒரேலி' என்னும் கப்பல் புதுச்சேரிப் பகுதியிலிருந்து சென்ற முந்நூற்றுக்கும் மேற்பட்டோரை மார்த்தினிக் தீவின் சேன் பியேர் நகரில் இறக்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 25,000 இந்தியர் அத்தீவை அடைந்தனர். அவர்கள் முதலில் கால் வைத்த அந்நகரை 1902 மே 8ஆம் நாள் பெலே எரிமலை வெடித்து அழித்தது. ஏறத்தாழ 30,000 பேர் மாண்டனர். இன்று பெருங்கப்பல்கள் தலைநகரான ஃபோர்ட் தெ பிரான்சு நகரில் அணைகின்றன.

அந்நகர உணவகத்தில் 'கொலம்போ' என்றொரு பண்டம் கிடைக்கும். மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள் சேர்த்தரைத்த பொடியில் ஆட்டிறைச்சியோ கோழியோ இட்டுச் சமைப்பது. இலங்கைத் தலைநகரின் பெயரே இதற்கு வந்ததென்பார் உளர்; நம் 'குழம்பு' என்னும் சொல்லே திரிந்ததென்பாரும் உளர். சுவைத்துப் பார்க்கும் தமிழர் இரண்டாம் கருத்தின் பக்கமே சாய்வர்.

அங்காடியில் பெண்கள் தலையில் கட்டும் கட்டம்போட்ட துணியின் பெயர் 'மெட்ராஸ்'. மார்த்தினிக், குவாதலூப், டொமினிக்கா, செயிண்ட் லூசியா ஆகிய தீவுகளில் மரபுடையின் உறுப்பாகவே அது விளங்குகிறது. தலைக்கட்டில் துருத்தி நிற்கும் முனைகளின் எண்ணிக்கையைக் கொண்டு, அப்பெண் மணமாகாதவளா மணமானவளா என்பதை அறியும் வழக்கமும் முன்பு இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் செல்வதற்கு முன்பே, சோழமண்டலக் கரையின் தறிகளிலிருந்து வணிகர்வழி அங்குப் போய்ச் சேர்ந்த துணி இது. பழவேற்காட்டின் பெயரைத் தாங்கிய 'பளையக்காட்டுக் கைலி' உடுத்தும் நம் வீட்டுப் பெரியவர்கள் அத்தலைக்கட்டைக் கண்டால், தம் கைலியின் உறவென்றே எண்ணுவர். பஞ்சும் நூலும் மணக்கும் கப்பலூர்ப் பகுதியினர்க்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தரும்.

குவாதலூப்: நாகூரின் கொடி

'ஒரேலி' கப்பலே 1854 டிசம்பரில் குவாதலூப் தீவின் புவந்த் ஆ பீத்ர் துறைமுகத்துக்கும் இந்தியரைக் கொண்டு சென்றது. பின்னர் அங்குச் சென்றோர் ஏறத்தாழ 42,000. இத்துறையருகே பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில், அடிமைமுறையின் வரலாற்றைக் கூறும் நினைவகம் 2015இல் திறக்கப்பட்டது. கப்பெஸ்தேர் என்னும் ஊரில் வண்ணமிகு மாரியம்மன் கோயில் உள்ளது. 'மாலியேமேன்' என்று அத்தீவினர் மாரியம்மனை அழைப்பர்.

இவ்விரு பிரெஞ்சுத் தீவுகளிலும் நம் சிந்தைக்குரிய அரிய செய்தி ஒன்றுண்டு. மாரியம்மனை வழிபடும் இந்துக்கள் 'நாகூர்மிரா' என்பவரையும் போற்றுகின்றனர். அவருக்கெனக் கோயில் வளாகத்திலேயே கொடிமரம் நட்டுக் கொடியேற்றுகின்றனர். கடல் கடந்தபோது தம் முன்னோரைக் காத்தவர் அவரே என்பது அவர்கள் நம்பிக்கை. நாகூரில் அடங்கியுள்ள சாகுல் ஹமீது ஆண்டகையாகிய நாகூர் மீரானே அவர் என்பதை விளக்கவும் வேண்டுமோ? காரைக்கால் துறைக்கு மிக அருகில் இருப்பது நாகூர். கப்பலேறும் முன் அம்மக்கள் கண்ட மனாராக்களின் நினைவு, மூன்று மாதக் கடற்பயணத்தைத் தாண்டி, நூற்றெழுபது ஆண்டுகளையும் தாண்டி நிற்கிறது.

நாகூரின் உயர்ந்த மனாராவைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும். சமயம் கடந்த அன்பு அன்று மன்னனிடமும் இருந்தது. ஒப்பந்தத் தாளில் கைநாட்டிட்ட ஏழை உழவனிடமும் இருந்தது.

இத்தீவில் பிறந்த ஆன்ரி சிதம்பரம் (1863–1952) என்னும் பெருமகனையும் மாணவர் அறிதல் வேண்டும். இந்திய வழித்தோன்றல்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டி 1904இல் தொடங்கிய வழக்கை அவர் சளையாமல் நடத்தி 1923இல் வென்றார். பிற்காலத்தில் எர்னஸ்ட் முத்துசாமி என்பார் குவாதலூப்பின் பிரதிநிதியாகப் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அமர்ந்தார்.

திரினிடாட்: கப்பலின் பெயர்

தெற்கே செல்லும் கப்பல்கள் திரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரைத் தொடும். 1845 மே 30ஆம் நாள் அத்தீவுக்கு முதல் இந்தியக் குழுவைக் கொண்டுவந்த கப்பல், 'ஃபத்ஹுர் ரஸாக்' என்னும் அரபுப் பெயர் கொண்டது. பம்பாய் முஸ்லிம் வணிகர் ஒருவருக்காகத் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. கல்கத்தாவிலிருந்து அங்குச் சேர 103 நாட்கள் ஆயின. மே 30 இன்று அந்நாட்டில் 'இந்தியர் வருகை நாள்' என்னும் பொது விடுமுறையாகும். அந்நகரின் செயிண்ட் ஜேம்ஸ் பகுதியில் மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா என்னும் பெயர்களில் தெருக்கள் உள்ளன. அங்கு முஹர்ரம் மாதத்தில் 'ஹோசே' ஊர்வலம் நடைபெறும். இந்துக்களும் ஆப்பிரிக்க வழியினரும் அதில் கலந்துகொள்வர். 1884 அக்டோபர் 30ஆம் நாள் சான் பெர்னாண்டோ நகரருகே தடையை மீறிச் சென்ற ஊர்வலத்தினர்மீது காவலர் சுட்டதில் பலர் உயிரிழந்தனர்.

அருகிலுள்ள கயானா நாட்டில் தமிழ் வழியினரான மோசஸ் நாகமுத்து 2015 முதல் 2020 வரை பிரதமராக விளங்கினார். மேற்கிந்தியக் கிரிக்கெட் அணியில் வீராசாமி பெருமாள் என்னும் பெயரைக் கேட்டு வியந்த மாணவர்க்கு, அப்பெயரின் பின்னுள்ள வரலாறு இப்போது விளங்கும்.

மொழி ஏன் மறைந்தது?

பெயர் நின்றது, குழம்பு நின்றது, கொடி நின்றது. மொழி மட்டும் நிற்கவில்லை. மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் இன்று தமிழ் வீட்டுமொழியாக இல்லை. 'நாத்ரோன்' என்னும் கூத்தின் பெயரில் நம் 'நாடகம்' ஒளிந்திருக்கிறது. கோயிற் சடங்குகளில் தமிழ்ப் பாடல்களை மனப்பாடமாகப் பாடுகின்றனர். பாடுவோர் பலர்க்குப் பொருள் தெரியாது. உழைப்பின் ஊதியத்தைக் குறிக்கும் 'கூலி' என்னும் நம் சொல், அங்கு மனிதரையே இழித்துரைக்கும் வசைச்சொல்லாயிற்று.

இதே காலத்தில் இதே மக்கள் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சென்றனர். அங்குத் தமிழ் வாழ்கிறது. சிங்கப்பூரில் அது ஆட்சிமொழிகளுள் ஒன்று. வேறுபாட்டின் காரணம் யாது? கிழக்கே சென்ற கப்பல் மீண்டும் மீண்டும் சென்றது. 'ராஜுலா' புதிய மக்களையும் புத்தகங்களையும் கடிதங்களையும் கொண்டுபோயிற்று. அங்குத் தமிழ்ப் பள்ளிகள் எழுந்தன. 1935 முதல் தமிழ் முரசு நாளிதழ் வெளிவருகிறது. மேற்கே சென்ற கப்பலோ 1880களோடு நின்றுவிட்டது. பிறகு புதியவர் வரவில்லை. ஊர்க் கடிதம் வரவில்லை. பள்ளியில் பிரெஞ்சும் தெருவில் கிரியோலும் நிலவின. இரண்டு மூன்று தலைமுறைகளில் தாத்தாவின் மொழி பேரனுக்கு ஒலியாக மட்டுமே எஞ்சியது. ஒரு மொழி அழிவதற்கு எவரும் அதனைத் தடைசெய்ய வேண்டியதில்லை. கற்பிப்பார் இல்லாதிருந்தாலே போதும்.

நம் கடமை

இக்கடனை ஓரளவேனும் தீர்க்கும் வழி தமிழ் மாணவரிடம் உள்ளது. ஒப்பந்தத் தொழிலாளரின் பெயர், வயது, பெற்றோர் பெயர், ஊர் ஆகியவற்றைப் பிரெஞ்சு எழுத்தர்கள் தம் செவிக்குக் கேட்டவாறு பதிவேடுகளில் எழுதி வைத்தனர். அவ்வழித்தோன்றல்கள் இன்று அப்பதிவுகளை ஏந்தித் தம் மூதாதையர் ஊரைத் தேடுகின்றனர். சிதைந்த எழுத்துக்களுக்குள் இருப்பது எவ்வூர், எவர் பெயர் என்று ஊகித்துச் சொல்ல, தமிழ்ப் பெயர்மரபும் ஊர்ப்பெயராய்வும் கற்றவர்களால்தான் இயலும். வகுப்பறையில் வறண்ட பாடமாகத் தோன்றும் ஊர்ப்பெயராய்வு, கடல்கடந்த ஒரு குடும்பத்துக்குத் தன் வேரைக் காட்டும் விளக்காக அமையும்.

வசதி வாய்த்தோர் கரீபியன் உலா சென்று வருக. நீலக் கடலையும் வெண்மணலையும் கண்டு மகிழ்க. ஆயினும், கரையிறங்கும் அந்தச் சில மணி நேரத்தில் ஒரு மணியேனும் ஒதுக்கி, கொடிமரம் நிற்கும் அக்கோயில் வளாகத்துக்கும் சென்று வருக. அங்கு முத்துசாமி என்றும் சிதம்பரம் என்றும் பெயர் கொண்ட ஒருவர் புன்னகையோடு பிரெஞ்சில் வரவேற்கக்கூடும். நாம் சொல்லும் ஒரு தமிழ்ச் சொல்லாவது அவர் செவிக்கு எட்டட்டும். கடலில்லாத கப்பலூர் தன் பெயரில் கப்பலைக் காத்து வைத்திருப்பதுபோல், மொழியிழந்த அம்மக்கள் தம் பெயரில் தமிழைக் காத்து வைத்துள்ளனர். அப்பெயருக்குப் பொருள் சொல்வது நம் கடன்.