உங்களுக்குத் தெரியுமா? கிட்டில் நீக்கிய கோப்பு எங்கும் போவதில்லை

கிட்டில் ஒரு கோப்பை நீக்கிக் கமிட் செய்தாலும் அது அழிவதில்லை. புதிய கமிட்டில் தென்படாது, அவ்வளவுதான். பழைய கமிட்களில் முழுசாக இருக்கும்.

• கடவுச்சொல் உள்ள கோப்பு தவறிப்போய் சர்வருக்கு ஏறிவிட்டதா? மறு நிமிடமே நீக்கினாலும் பயனில்லை. குளோன் எடுக்கும் எவரும் பழைய கமிட்டைத் திறந்து படிக்கலாம். வரலாற்றையே மாற்றி எழுதும் கருவிகள் உண்டு. ஆனால் ஏற்கெனவே பிறர் எடுத்த பிரதிகளை அவை தொடாது. முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

• கிட் ஏற்கெனவே கண்காணிக்கும் கோப்பை '.கிட்இக்னோர்' பட்டியலில் சேர்த்தால் மட்டும் போதாது, கண்காணிப்பு தொடரும். 'கிட் ஆர்எம் --கேஷ்டு' கொடுத்துக் கமிட் செய்ய வேண்டும். உங்கள் கணினியில் கோப்பு அப்படியே இருக்கும். ஆனால் அந்தக் கமிட்டை 'புல்' செய்யும் சக ஊழியரின் கணினியிலிருந்து அது நீங்கிவிடும். முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

• உண்மையான ஆபத்து, ஒருபோதும் கமிட் ஆகாமல் ஒதுக்கப்பட்ட கோப்புகளுக்குத்தான். அவற்றுக்கு வரலாறே கிடையாது. 'கிட் கிளீன் -எஃப்டிஎக்ஸ்' அவற்றையும் துடைத்துவிடும். கிட்டால் மீட்க முடியாது. 'எஃப்' இடத்தில் 'என்' போட்டு ஓட்டினால், எவையெல்லாம் போகும் என்று பட்டியல் மட்டும் வரும்.