ஒரு புத்தகமும் ஒரு மெழுகுவர்த்தியும்

சிறு வயதில் படித்த ஒரு புத்தகம் ஒருவருடைய வாழ்க்கையையே மாற்றிவிடும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது உண்மைதானா? புத்தகம் கட்டும் கடையில் வேலை பார்த்த ஒரு சிறுவனின் கதை இதற்கு விடை சொல்லும்.

மைக்கேல் ஃபாரடே 1791-ஆம் ஆண்டு லண்டன் நகரை ஒட்டிய பகுதியில் ஓர் ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்தார். எழுத, படிக்க, சிறிது கணக்குப் போடக் கற்றதோடு அவருடைய பள்ளிப்படிப்பு முடிந்தது. 1804-இல் ஒரு புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். மறு ஆண்டு முதல் ஏழு ஆண்டுகள் அங்கேயே புத்தகம் கட்டும் தொழில் பழகினார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களை வேலை முடிந்த பின் படிக்கவும் செய்தார். அவற்றுள் ஒன்று ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய 'இரசாயன உரையாடல்கள்'.

மார்செட் அம்மையார் விஞ்ஞானி அல்லர். ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டபோது முதலில் அவருக்கு எல்லாம் விளங்கவில்லை. நண்பர் ஒருவருடன் பேசிப் பார்த்த பிறகே தெளிவு பிறந்தது. அதனால் ஓர் ஆசிரியையும் இரண்டு மாணவிகளும் பேசிக்கொள்வது போலவே புத்தகத்தை அமைத்தார். 1806-ஆம் ஆண்டிட்டு வெளியான முதற்பதிப்பில் அவர் பெயர்கூட இல்லை.

அதில் படித்ததை ஃபாரடே அப்படியே நம்பிவிடவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி. தம் கைக்காசுக்கு எட்டிய சிறு சோதனைகளால் அதைச் சரிபார்த்தார். உண்மை என்று கண்ட பிறகே ஏற்றுக்கொண்டார். மார்செட் மறைந்த 1858-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கடிதத்தில் இதை அவரே நன்றியுடன் குறிப்பிட்டுள்ளார். 1813-இல் டேவியின் உதவியாளராக ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சேர்ந்தார். 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். இன்று நம் மின்நிலையங்களில் சுழலும் ஜெனரேட்டர்கள் அந்தத் தத்துவத்தில்தான் இயங்குகின்றன.

பெற்றதைத் திருப்பிக் கொடுத்தார்

தாம் பெற்றதைச் சிறுவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க ஃபாரடே மறக்கவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் இளைஞர்களுக்கென நடந்த சொற்பொழிவுத் தொடர்களில் பத்தொன்பதை அவரே நிகழ்த்தினார். 1860-61-இல், தமது 69-ஆம் வயதில், ஆறு நாட்கள் ஒரே ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றிப் பேசினார். அதுவே 1861-இல் 'ஒரு மெழுகுவர்த்தியின் இரசாயன வரலாறு' என்ற நூலாக வந்தது.

மெழுகுவர்த்தியில் ஆறு நாள் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நீங்களே செய்து பாருங்கள். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நன்றாக எரியும் மெழுகுவர்த்தியை மெல்ல அணையுங்கள். திரியிலிருந்து வெண்புகை எழும். திரியைத் தொடாமல், ஓர் அங்குலம் மேலே அந்தப் புகையில் எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். சுவாலை புகை வழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும்! ஏன்? எரிவது கட்டி மெழுகு அன்று. மெழுகு உருகித் திரியில் ஏறி, ஆவியாகிறது. அகல் விளக்கில் எண்ணெய் திரியில் ஏறுவது போலத்தான். அந்த ஆவியே எரிகிறது.

அடுத்து, சுவாலையின் மஞ்சள் பகுதியில் ஒரு பழைய கரண்டியைக் காட்டுங்கள். கரி படியும். அந்தக் கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்வதால்தான் சுவாலை நமக்கு வெளிச்சம் தருகிறது.

இனி ஓர் எவர்சில்வர் டம்ளரில் மிகக் குளிர்ந்த நீரை ஊற்றி, அடிப்புறத்தை நன்கு துடைத்து, சுவாலைக்குச் சற்று மேலே சில விநாடிகள் பிடியுங்கள். அடிப்புறத்தில் ஈரம் படியும். நெருப்பிலிருந்து தண்ணீரா? ஆம். மெழுகிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து நீராகிறது.

மெழுகிலுள்ள கார்பன் கரியமில வாயுவாகிறது. அந்த வாயு சுண்ணாம்புத் தெளிநீரைப் பால்போல் கலங்கச் செய்யும். ஒரு குழல் வழியாக அதே தெளிநீரில் உங்கள் மூச்சை ஊதினாலும் அது கலங்கும். தெளிநீர் வாயில் படக்கூடாது, ஊதுங்கள், உறிஞ்சாதீர்கள். நாம் உண்ட உணவும் உடலுக்குள் ஆக்சிஜனுடன் சேர்ந்து, சுவாலையின்றி, மெல்ல 'எரிகிறது'. மெழுகுவர்த்தியில் தொடங்கிய பேச்சை ஃபாரடே நம் மூச்சில் கொண்டு வந்து முடித்தார்.

தொடரும் சங்கிலி

ஜப்பானில் ஒரு சிறுவன் நான்காம் வகுப்பில் ஆசிரியை சொன்னதைக் கேட்டு இந்த மெழுகுவர்த்திப் புத்தகத்தைப் படித்தான். அவர்தான் லித்தியம் அயனி மின்கலத்திற்காக 2019-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான அகிரா யோஷினோ. மார்செட்டிடமிருந்து ஃபாரடேக்கு, ஃபாரடேயிடமிருந்து யோஷினோவுக்கு என்று இந்தச் சங்கிலி நீள்கிறது. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு புத்தகம் இருக்கிறது; அதைக் கொண்டு சேர்த்த ஒரு கையும் இருக்கிறது.

புத்தகத்தின் ஆங்கிலம் கடினமாகத் தோன்றினால், உங்கள் ஆசிரியரிடம் ஒரு சொற்பொழிவையாவது தமிழில் விளக்கச் சொல்லுங்கள். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் நீங்களே அதைச் சொல்லிக் காட்டுங்கள். அச்சில் வந்துவிட்டது என்பதற்காக எதையும் நம்ப வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இந்தக் கட்டுரைக்கும் அது பொருந்தும். அடுத்த முறை ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ விஞ்ஞானப் புத்தகம் பரிசளிக்கும்போது, கூடவே ஒரு மெழுகுவர்த்தியையும் கொடுங்கள்.